காந்தத்தில் ஒட்டாத கல்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அவள் கல்லக்கா. நிலவியல் துறைக் கட்டடத்தின் மேல்மாடியில், லிஃப்ட் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தது அவளுடைய அறை. வானத்திலிருந்து விழுந்த கற்களை இது இன்ன வகை, இது இன்ன வகை என்று பிரித்துச் சொல்வது அவள் உத்தியோகம். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளோ பாதி நாள் ரம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், மீதி நாள் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கல்சீவலை வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்துக்கொண்டிருப்பாள். தேய்த்து முடித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தேநீர் எங்கே என்று தேடுவாள்.

இந்த வேலைக்கென்று அவள் பிறந்துவிடவில்லை. சிமென்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கத்தான் சேர்ந்தாள். விண்கல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும், யாரும் கேட்காத அந்த அறையைத் தூக்கி இவள் தலையில் கட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, அந்த மகளும் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். கணவர் பல் செட் செய்கிறவர், வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. "அவரு பல்லைத் தேய்க்கிறாரு, நான் கல்லைத் தேய்க்கிறேன். குடும்பம் பளபளன்னுதான் போகுது" என்பாள், யாராவது விசாரித்தால்.

வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு சின்ன ஏக்கமும் இருந்தது. வருகிற கற்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வெட்டினால் உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள், அங்கங்கே இரும்புப் பொட்டுகள். கனிமத்தில் எவ்வளவு இரும்பு என்று அளந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரிந்துவிடும். போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். விசித்திரமான கற்களைப் பற்றி அவள் நிறையப் படித்திருந்தாள். அவையெல்லாம் எங்கேயோ யாருக்கோ கிடைத்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு ஒரு தம்பி. சாலை போடும் நிறுவனத்தில் ரோடு ரோலர் ஓட்டுகிறான். ரோலர் போகிற வேகத்தில் போனால், வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் நலம் விசாரித்துவிட்டே போகலாம். அக்காவின் வேலையைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவனும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். விண்கல் என்றால் காந்தத்தில் ஒட்டும் என்று அவள் ஒருமுறை வாயைவிட்டுவிட, சாவிக்கொத்தில் ஒரு காந்தத்தைக் கோத்துக்கொண்டான். அதன் பிறகு அவள் வீட்டுக்குக் கற்கள் வரத் தொடங்கின. உலைக்கழிவு வந்தது. இரும்புத் தாது வந்தது. ஒருமுறை துருப்பிடித்த எடைக்கல்லே வந்தது, அடியில் எடை பொறித்திருந்தது. அந்தக் கதையை அவள் எந்த விருந்திலும் சொல்லாமல் விட்டதில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். சிரிக்கும்போது அவன் காது மட்டும் சிவந்துபோகும். அதை அவள் கவனித்ததுண்டு, கண்டும் காணாமல் விட்டதும் உண்டு.

வறண்ட வெட்டவெளி ஒன்றின் குறுக்கே சாலை போடப் போயிருந்தவன், ஒரு விடுமுறை நாளில் வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். கைக்கு அடக்கமாக ஒரு கல். வெளிறிய பச்சை, அங்கங்கே பழுப்பு.

"இது எதுல சேத்தி?" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"இது உன் ஆபீசுக்கு இல்லக்கா. காந்தம் ஒட்டல, நானே பாத்துட்டேன். கலர் நல்லா இருந்துச்சு, உன் பூந்தொட்டிக்கு ஆகும்னு எடுத்துட்டு வந்தேன்."

சரி, இந்தத் தடவை திட்ட வேண்டிய வேலை மிச்சம் என்று அதை வாங்கி ஜன்னலோரத் தொட்டியில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. கல்லின் ஒரு மூலையில் முட்டை ஓட்டுக் கனத்தில் கறுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் உருகி வழிந்து உறைந்த மெல்லிய வரிகள். காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது மேலே எரிகிற கல்லுக்குத்தான் அப்படியொரு தோல் வரும். இரும்பு தனி உலோகமாக இல்லாத விண்கற்களும் உண்டு, அபூர்வம். அவை காந்தத்தைச் சீந்தா. இதைத் தம்பியிடம் அவள் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததும் இல்லை.

"டேய், இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அவள் குரலிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டப்பாவை மூடி ஓரமாக வைத்தான். பிறகு, "எடுத்துக்க. ஆனா ரொம்ப வெட்டிராதக்கா. முழுசாத் திருப்பிக் குடு. மாமாகிட்ட ஒரு தடவை காட்டணும்" என்றான்.

மாமா என்றது அவன் மாமனாரை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளைக் கொடுத்த நாளிலிருந்து, ரோலர் ஓட்டுகிற மருமகன் ஒரு நாள் வேறு நல்ல வேலைக்குப் போவான் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தவர். அதைத் தன் முகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியும். அவர் கையில் இந்தக் கல்லை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தம்பிக்கு அவ்வளவுதான் ஆசை. "கடுகளவுதான் எடுப்பேன், போதுமா?" என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

மூலையில் ஒரு சின்னச் சீவல் எடுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தாள். உருண்டைகளைக் காணோம். எங்கோ ஒரு காலத்தில் முழுதாக உருகி, நிதானமாக ஆறி உறைந்த கல். ஒளியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, படிகங்கள் நீலமும் ஆரஞ்சுமாக மாறி மாறி மின்னின. அடுத்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிக் கனிமங்களில் இருந்த இரும்பையும் மாங்கனீசையும் அளந்தாள். இந்த இரண்டுக்கும் நடுவே பூமிக்கு ஒரு கணக்கு உண்டு, நிலவுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று. ஒரே சாமான்களை வைத்துச் சமைத்தாலும் வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறாக இருப்பதில்லையா, அதைப் போல. இந்தக் கல்லின் பக்குவம் அவளுக்குத் தெரிந்த எந்த வீட்டோடும் ஒத்துப்போகவில்லை. கருவியில்தான் கோளாறு என்று அதைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தாள். மறுபடியும் அதே பதில். நாற்காலியில் சாய்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒன்று வந்திருக்கிறது, அதுவும் தம்பியின் சாப்பாட்டு டப்பாவில்.

வாயை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. உடனே தம்பிக்குப் போன் போட்டு, "இது வேற எங்கயும் இல்லாத கல்லு போலத் தெரியுதுடா" என்று உளறிவிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அவன் மனைவிக்கும் சாலைப் பணியாளர்களுக்கும் டீக்கடைக்காரருக்கும் மாமனாருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னும் ஒரு சோதனை மிச்சமிருந்தது. ஆக்சிஜன். அதில் எடை கொஞ்சம் கூடியதும் குறைந்ததுமாக மூன்று ரகம் உண்டு, எந்த ரகம் எவ்வளவு என்பதுதான் கல்லின் குலம் கோத்திரத்தைச் சொல்லும். கனிமம் என்னதான் சாட்சி சொன்னாலும் தீர்ப்பு ஆக்சிஜன் கையில். அந்தச் சோதனையில் கல்லின் ஒரு துணுக்கை லேசரில் எரித்துவிடுவார்கள், திரும்பி வராது. அதற்கான கருவி வேறொரு நாட்டில், வேறொரு ஆய்வகத்தில் இருந்தது. முதல் சீவல் எடுத்த மூலையில், ஏற்கெனவே உடைந்த இடத்தில் இருந்தே ஒரு துணுக்கைப் பெயர்த்து அனுப்பிவைத்தாள். கல்லைப் பார்த்தால் கை வைத்ததே தெரியவில்லை. தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

பதில் வந்தது. துறைத்தலைவர் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். பூமிக் கற்கள் எல்லாம் விழுகிற கோடு ஒன்று. அதன் பக்கத்தில், ஏறத்தாழ அதன் மேலேயே, இவளுடைய புள்ளி.

"கோட்டு மேல இல்ல சார், கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னா அது அடுத்த வீடு ஆயிடுமாம்மா? வாசல்லதான நிக்குது" என்றார் அவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் வலிக்கும். கறுப்புத் தோல் வெட்டவெளி வெயிலில் நாளாவட்டத்தில் படிந்த பூச்சாக இருக்கும், கனிமக் கணக்கு இடிக்கிற பூமிக் கற்களும் உண்டு, இதை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். அவள் கோப்பை மூடி எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

தம்பி வீட்டுக்கு மதிய உணவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாமனாரும் வந்திருந்தார். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தவள், கை கழுவியதும் சொல்லிவிட்டாள். பூமிக் கல்தான் என்றும், தான் அவசரப்பட்டுவிட்டதாகவும். தம்பி மனைவி தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள். மாமனார் பல்குத்தும் குச்சியை நிதானமாகத் தேடி எடுத்தார்.

"பூமியில கெடச்சது பூமிக் கல்லா இருக்கறதுல என்ன அதிசயம்?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, ஆறுதலாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

தம்பியின் முகம் தொங்கிப்போனது. ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்பினான். "பரவால்லக்கா. நான் கொண்டுவந்ததை நீ ஒழுங்கா உக்காந்து பாத்தியே, எனக்கு அது போதும்" என்றான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. இத்தனை வருஷமாக அவள் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும் ஒவ்வொரு கல்லாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். எடைக்கல் கதையை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த வாரம் மாணவர்களுக்கு வகுப்பு. ஆக்சிஜன் சோதனைக்குத் துணுக்கு எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் சொல்வதுதான். "ஓரத்தை மட்டும் தொடாதீங்க" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். "கல்லு எரிஞ்சுகிட்டு வரும்போது அதோட தோல் நம்ம காத்துல இருக்கற ஆக்சிஜனைக் குடிச்சிருக்கும். விழுந்த பிறகு மழை, துரு எல்லாம் விரிசல் வழியா ஓரத்துல ஏறிடும். அதை அளந்தா கல்லு பேசாது, நம்ம ஊர் காத்தும் தண்ணியும்தான் பேசும். அதனால உள்ளேருந்து எடுக்கணும், எடுத்ததை அமிலத்துல கழுவி..."

அங்கேயே நின்றுவிட்டாள். மாணவர்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"கழுவி?" என்றாள் ஒரு பெண்.

"கழுவணும். கண்டிப்பாக் கழுவணும்" என்றாள் கல்லக்கா. வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

துணுக்கு எடுத்தபோது உதிர்ந்த தூளைச் சின்னக் குப்பியில் வைத்திருந்தாள். அதை லென்ஸுக்கு அடியில் கொட்டினாள். பச்சைப் படிகங்களுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடிச் சிதறல்கள். பழுப்புத் துரு நரம்பு நரம்பாக. ஒரு முதலாண்டு மாணவன் இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்ட விட்டிருக்க மாட்டாள். வேறு யாருடைய கல்லாக இருந்தாலும் அவள் கை தானாக நடுவுக்குத்தான் போயிருக்கும். தம்பிக்கு முழுசாகத் திருப்பித் தர வேண்டுமே என்ற பாசம் கண்ணை மறைக்க, ஓரத்தைக் கிள்ளியிருக்கிறாள். கழுவினால் இருக்கிற துளியும் கரைந்துவிடுமே என்று கழுவாமலும் விட்டிருக்கிறாள். வெட்கத்தில் முகம் சுட்டது. கூடவே, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

தலைவரிடம் போய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "நீங்களா?" என்றார் அவர். அந்த ஒற்றைச் சொல்லை அவள் வாங்கிக்கொண்டாள். மறுபடி அனுப்பச் சம்மதித்தார், ஆனால் இந்தத் தடவை நடுவிலிருந்துதான் என்றார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மறுபடி தம்பி வீடு. மாமனார் இருக்கிற நாளாகப் பார்த்தே போனாள். அன்றைக்கு அவர் எதிரில்தானே அவன் தலை குனிந்தது.

"தப்பு கல்லுல இல்ல, என் கையில" என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னாள். "ஆனா இப்பவும் எனக்குத் தெரியாது. உள்ளேயும் பூமின்னே வரலாம். வந்தா அவ்வளவுதான், அதுக்கு மேல பேச்சில்ல. பாக்கணும்னா நடுவுல வெட்டணும். விண்கல்னு தேறிச்சுன்னா அஞ்சுல ஒரு பங்கு எங்க அலமாரியிலதான் இருக்கும், அது உலகம் பூரா இருக்கற விதி. எப்படிப் பாத்தாலும் முழுசாத் திரும்பி வராது."

மாமனார் செருமினார். "ஒரு தடவைதான் பார்த்தாச்சே. எதுக்கு நல்லா இருக்கற கல்லைப் போய் உடைச்சுகிட்டு? ஷோகேஸ்ல வைக்கலாம்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வெட்டாமல் வைத்திருந்தால் ஒருவேளை விண்கல்தானோ என்று சொல்லிக்கொண்டாவது இருக்கலாம். வெட்டி, உள்ளேயும் பூமி என்று வந்துவிட்டால், அதே கூடத்தில் அதே மனிதர் முன்னால் இரண்டாவது முறை தலை குனிய வேண்டும். தம்பி கல்லைக் கையில் வாங்கி, கறுப்புத் தோலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு வார்த்தை உதவவில்லை. இதில் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

"வெட்டுக்கா" என்றான் கடைசியில்.

"அண்ணி, வெட்டறதுன்னு ஆச்சு, நல்லா நடுவுல பாத்து வெட்டுங்க" என்றாள் அவன் மனைவி. "ஓரத்துல சுரண்டிட்டு வந்து மறுபடி ஒரு கதை சொல்லாதீங்க."

கல்லக்கா வாழ்க்கையில் எத்தனையோ கற்களை வெட்டியிருக்கிறாள். இதற்குத்தான் மூன்று முறை அளந்து கோடு போட்டாள். வைரத்தூள் பதித்த மெல்லிய கம்பி இழைந்து இழைந்து உள்ளே இறங்க, மதியச் சாப்பாடு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. கல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே துரு இல்லை. தெளிந்த பச்சை. அதன் நடுவிலிருந்து துணுக்கு எடுத்தாள், அமிலத்தில் கழுவினாள், லென்ஸில் பார்த்தாள், மறுபடி கழுவினாள். ஒரு மாணவியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாள். பிறகுதான் அனுப்பினாள்.

காத்திருந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் இரண்டு முறை, "பல்லு வலிக்குதா?" என்று கேட்டார். தொழில் புத்தி, வேறென்ன. தம்பியிடமிருந்து போன் வரவே இல்லை. ரோலர் ஓட்டுகிறவனுக்குப் பொறுமை அதிகம் என்று சொல்லிக்கொண்டாள், மனது கேட்கவில்லை.

பதில் வந்த அன்று தலைவரே மேல்மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்க நின்று கணினியைக் காட்டச் சொன்னார். பூமியின் கோடு கீழே கிடந்தது. இவர்கள் புள்ளி அதைவிட்டு எங்கோ மேலே தனியாக நின்றது. நிலவும் செவ்வாயும் பக்கத்தில் இல்லை. பெயர் வைத்த சிறுகோள் குடும்பம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. கனிமம் சொன்னதையே ஆக்சிஜனும் சொன்னது. எப்போதோ உருகி உறைந்து, பிறகு உடைந்து சிதறிப்போன ஏதோ ஒரு சின்ன உலகம். அதிலிருந்து மனிதர் கைக்கு வந்திருப்பது, தெரிந்தவரை, இந்த ஒரு கல்தான். எந்தக் குழுவிலும் சேராதது என்று எழுத வேண்டியிருக்கும் என்றார் தலைவர். "எழுதுங்கம்மா. உக்காந்து அழகா எழுதுங்க" என்றார்.

அவள் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தாள். சாலை வேலை நடக்கும் இடத்தில் இறங்கி, கொதிக்கிற தாரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தம்பி ரோலரை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வரவில்லை, மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"வந்துருச்சுடா" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள். "பூமி இல்ல. வேற எதுவும் இல்ல. இதுக்குச் சொந்தம்னு சொல்ல ஒரு கல்லுகூட எவன்கிட்டயும் இல்லடா."

அவன் குதிக்கவில்லை. இன்ஜினை அணைத்தான். திடீரென்று விழுந்த அமைதியில் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நிஜமாவா அக்கா? இல்ல, எனக்காகச் சொல்றியா?"

அவள் ரோலரை ஒட்டி வந்தாள். இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்காகச் செஞ்சது முதல் தடவை. அதனாலதான் தப்பாப் போச்சு" என்றாள். "இந்தத் தடவை இது யாரு கல்லுன்னே நான் நினைக்கல."

 தம்பி முகத்தைத் துண்டால் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். துடைத்து முடித்து, ஒரு பக்கமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

"அப்ப சரி, மேல ஏறி வா" என்றான்.